ஹாப் கொடியும் பகலின் நீளமும்

பீர் என்னும் பானத்திற்கு மூலப்பொருள்கள் நான்கு: நீர், முளைகட்டி உலர்த்திய பார்லி, ஈஸ்ட், ஹாப் பூ. இவற்றுள் முதல் மூன்றும் நம்மவர்க்குப் புதியன அல்ல. தானியத்தை முளைகட்டுவது நம் அடுக்களைக்குப் பழகிய செயல். மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களோ இட்லியின் வாயிலாக நாள்தோறும் நமக்குத் துணைபுரிகின்றன. ஹாப் ஒன்றுதான் நமக்கு அயலானது. அதனை நம்மில் பெரும்பாலோர் கண்டதில்லை. பெயரைக் கேட்டவர்களும் அது கொடியா, மரமா, கிழங்கா என்று அறியார்.

எனினும் பெங்களூரில் வாழும் நம்மவரிடையே இப்பொழுது ஹாப்பைப் பற்றிய பேச்சு அடிக்கடி எழுகிறது. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1809-இல் பிரிட்டிஷ் படைமுகாம் இங்கே அமைந்த நாள் முதல் இந்நகரத்துக்குப் பீருடன் தொடர்பு உண்டு. 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்பார் தென்னிந்திய வடிப்பாலைகள் சிலவற்றை ஒன்றுசேர்த்து யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 2010-க்குப் பின்னர், தாம் வடித்த பீரைத் தம் கூடத்திலேயே விற்கும் சிறு வடிப்பகங்கள் நகரெங்கும் தோன்றின. அங்கே ஹாப்பின் மணத்தை நுகர்ந்தவர், ‘இக்கொடியை நம் வீட்டு மாடியில் வளர்த்தால் என்ன?’ என்று எண்ணுவது இயல்பே. நகர இரயில் நிலையத்தை அடுத்துள்ள நம் ஒக்கலிபுரத்தில், தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் ஒடுங்கிய தெருக்களில், தரையில் தோட்டம் போட இடமில்லை. ஆயினும் மொட்டைமாடிகளில் தொட்டிகள் உண்டு. அவற்றில் துளசியும் கறிவேப்பிலையும் அவரையும் வளர்கின்றன. அவற்றின் நடுவே ஹாப்பும் வளருமா என்பதுதான் வினா. இவ்வினாவுக்கு விடை காணுமுன், அக்கொடியின் இயல்பைச் சற்று அறிந்துகொள்வோம்.

ஹாப்பின் தாவரவியற் பெயர் ஹியூமுலஸ் லுபுலஸ் என்பது. இது கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் கஞ்சாவின் போதைப் பொருள் இதில் இல்லை. இலை பருத்தி இலையைப் போல மூன்று அல்லது ஐந்து மடல்களாகப் பிரிந்திருக்கும். மண்ணுக்கடியில் உள்ள வேர்த்தண்டு பல்லாண்டு உயிர்வாழும். மேலே எழும் கொடியோ குளிர்நாடுகளில் ஆண்டுதோறும் மடிந்து, இளவேனிலில் மீண்டும் துளிர்க்கும். திராட்சைக்கும் பாகலுக்கும் உள்ள பற்றுக்கம்பி இதற்குக் கிடையாது. தண்டிலுள்ள நுண்ணிய கொக்கிமயிர்களால் கயிற்றைப் பற்றிக்கொண்டு, தன் உடலையே அதில் சுற்றி ஏறும். சுற்றும் திசையிலும் ஒரு சிறப்பு உண்டு. பின்னிப் படரும் கொடிகளுள் பெரும்பாலானவை இடமாகச் சுற்ற, ஹாப் கொடி கோயிலை வலம்வரும் அடியாரைப் போல வலமாகவே சுற்றுகிறது. வளர்ப்பவர் அதனைக் கயிற்றில் ஏற்றிவிடும்போது இத்திசையறிந்து சுற்றிவிட வேண்டும். மாற்றிச் சுற்றினால் கொடி அவிழ்ந்து விழும்.

ஹாப்பில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. நமக்கு வேண்டியது பெண்கொடியே. அதன் பூக்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பச்சைச் செதில்களோடு கூடிய சிறு கூம்புகளாக உருப்பெறும். செதில்களின் அடியில் மஞ்சள் நிறத் துகள் ஒன்று படிந்திருக்கும். லுபுலின் எனப்படும் இத்துகளில்தான் ஹாப்பின் உயிர் அடங்கியிருக்கிறது. அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள், பார்லிச் சாற்றில் ஒருமணி நேர அளவு கொதிக்கும்போது உருமாறிப் பீருக்குக் கசப்பை அளிக்கின்றன. அதே துகளிலுள்ள எண்ணெய்கள் மணத்தை அளிக்கின்றன. அவை எளிதில் ஆவியாகிவிடுமாதலால், மணத்துக்குரிய ஹாப்பைக் கொதி இறங்கும் தறுவாயில்தான் சேர்ப்பர். கசப்பு நாவுக்கு மட்டும் உரியதன்று. பானத்தைக் கெடுக்கும் பல நுண்ணுயிர்களையும் அது தடுக்கிறது. கப்பலில் பல மாதம் பயணம் செய்து இந்தியாவுக்கு வரவேண்டிய பீரில் இங்கிலாந்தினர் ஹாப்பை மிகுதியாகச் சேர்த்ததற்கு இதுவே காரணம். இந்தியாவின் பெயரைத் தாங்கிய கசப்பான பீர்வகை ஒன்று இன்றும் உலகெங்கும் விற்பனையாகிறது.

இனி, ஹாப் எங்கே செழிக்கும் என்பதைக் காண்போம். ‘குளிர்நாட்டுப் பயிர், ஆகவே பெங்களூரின் குளிர்ச்சி போதும்’ என்று சிலர் கருதுகின்றனர். கடல்மட்டத்திற்கு மேல் 900 மீட்டருக்குச் சற்று மிகுந்த உயரத்திலுள்ள இந்நகரின் தட்பவெப்பம் இதமானதே. ஆனால் ஹாப்பின் விளைவை முடிவு செய்வது குளிர் மட்டுமன்று. பகலின் நீளமே முதன்மையானது. இக்கொடி பகற்பொழுதை அளந்து வாழும் தாவரம். பகல் நீண்டிருக்கும் வரையில் அது உயர்ந்து வளர்வதில் முனையும். பகல் ஓர் எல்லைக்குக் கீழ்க் குறுகினால், வளர்ச்சியை நிறுத்திப் பூக்கத் தொடங்கும். உயர்ந்து வளர்ந்த பின் பூத்தால் கிளைதோறும் கூம்புகள் குலுங்கும். முழங்கால் உயரத்திலேயே பூத்துவிட்டால் விரல்விட்டு எண்ணத்தக்க கூம்புகளே கிடைக்கும்.

கணக்கைப் பாருங்கள். இலண்டனில் ஜூன் மாதத்து நெடும்பகல் 16 மணி நேரத்துக்கும் மேற்பட்டது. பெங்களூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 13 பாகையில் உள்ளது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. மிகக் குறுகிய பகலும் 11 மணிக்குக் குறைவதில்லை. நமக்கு இஃது ஒரு பேறு. ஹாப்புக்கோ ஆண்டு முழுவதும் ‘பூக்கும் காலம் வந்துவிட்டது’ என்ற செய்தியே கிடைக்கிறது. ஆகவே இங்கே நட்ட கொடி உயிரோடு இருக்கும், இலைவிடும், சிறிது பூக்கவும் செய்யும். ஆனால் விளைச்சல் என்று சொல்லத்தக்கதைத் தராது. பெரும்பாலான ஹாப் தோட்டங்கள் 35 பாகைக்கும் 55 பாகைக்கும் இடைப்பட்ட நிலப்பகுதிகளில் அமைந்திருப்பதன் காரணம் இதுவே.

அப்படியானால் இந்தியாவில் ஹாப் விளைந்ததே இல்லையா? விளைந்தது. 19-ஆம் நூற்றாண்டிலேயே காஷ்மீரில் ஹாப் பயிரிட்டுப் பார்த்தனர். நம் காலத்தில் பெயர்பெற்ற இடம் இமாசலப் பிரதேசத்திலுள்ள லாஹௌல் பள்ளத்தாக்கு. சந்திரா, பாகா என்னும் இரண்டு ஆறுகள் தண்டி என்னுமிடத்தில் கூடிச் செனாப் ஆறாகும் பகுதி அது. அதன் தலைமையிடமான கேலாங் 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. பருவமழையை மலைகள் மறைத்துவிடுவதால், ஈரத்தில் பெருகும் பூஞ்சை நோய்கள் அங்கே குறைவு. 32 பாகைக்கும் சற்று வடக்கே இருப்பதால் கோடைப் பகல் 14 மணி நேரத்தைக் கடக்கிறது. 1970-களில் அங்கே ஹாப் சாகுபடி தொடங்கியது.

அவ்விடத்துக்கு அப்பயிர் பொருந்தியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ரோதாங் கணவாயைப் பனி மூடிவிட்டால் லாஹௌல் மாதக்கணக்கில் வெளியுலகத் தொடர்பின்றிக் கிடந்தது. 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பின்னரே அந்நிலை மாறியது. அத்தகைய இடத்தில், உலர்த்தினால் எடை குறைந்து, விரைவில் அழுகாமல், விலையும் பெறக்கூடிய விளைபொருள் உழவர்க்கு ஏற்றதன்றோ? ஆயினும் அந்த வாழ்வு நீடிக்கவில்லை. ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பொடித்து அழுத்திய குளிகைகளாக ஹாப் இறக்குமதியாயிற்று. பீர் ஆலைகள் அதனையே நாடின. பள்ளத்தாக்கின் உழவர்கள் பட்டாணி, உருளைக்கிழங்கு, பூக்கோசு ஆகியவற்றின் பக்கம் திரும்பினர். நிலமும் ஒளியும் இசைந்தும் சந்தை இசையாத கதை அது. பெங்களூரில் நிலைமை வேறு: இங்கே சந்தை இருக்கிறது, ஒளிதான் இல்லை.

இல்லாத ஒளியை நாமே அளிக்க இயலுமா? இயலும் என்கிறது அண்மைக்கால ஆராய்ச்சி. ஹாப்புக்குக் குளிர்கால உறக்கம் இன்றியமையாதது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அமெரிக்காவிலுள்ள கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வு ஒன்று, அவ்வுறக்கம் இல்லாமலும் கொடி நன்கு பூக்கும் என்று 2019-இல் காட்டியது. 28 பாகையை ஒட்டிய புளோரிடாவில், மாலைக்குப் பின் விளக்கேற்றிப் பகலை நீட்டி, ஹாப் விளைவிக்கும் முறையை அம்மாநிலப் பல்கலைக்கழகம் வகுத்துள்ளது. தென்னாப்பிரிக்கரும் தங்கள் மண்ணுக்கேற்ற வகைகளை உருவாக்கும்வரை விளக்கொளியின் துணையையே நாடினர்.

மாடியில் வளர்க்க விரும்புவோர் பின்பற்றத்தக்க முறை வருமாறு. நடுவதற்கு விதையைத் தேட வேண்டாம். விதையிலிருந்து ஆண்கொடியும் முளைக்கும். பெண்கொடியின் வேர்த்தண்டையோ, அதன் தண்டிலிருந்து வேர்பிடித்த நாற்றையோ நடுதல் வேண்டும். வேர் ஆழ இறங்குமாதலால் 50 லிட்டர் மண் கொள்ளும் தொட்டி தேவை. அடியில் நீர் வடியும் துளைகள் அவசியம். தேங்கிய நீர் வேரை அழுகச் செய்யும். செம்மண்ணோடு மக்கிய தொழுவுரமும் சிறிது மணலும் கலந்தால் போதும். நாள்தோறும் ஆறுமணி நேரமாவது நேர்வெயில் படும் இடத்தில் தொட்டியை வைக்க வேண்டும். தொட்டியில் ஈரம் குன்றாமல் நீர் ஊற்றுக.

துளிர்கள் பல எழும். அவற்றுள் வலியவை இரண்டு மூன்றை மட்டும் நிறுத்தி, மற்றவற்றைக் களைந்துவிடுக. ஒரு கயிற்றுக்கு இரண்டு கொடி என்பது நல்ல அளவு. வளர்ச்சிக் காலத்தில் இக்கொடி ஒரே நாளில் ஓரடி உயர்வதும் உண்டு. ஐந்தாறு மீட்டர் நீளம் ஏறும். மாடியில் அவ்வளவு உயரம் அமையாவிட்டால், கைப்பிடிச் சுவரிலிருந்து சாய்வாகக் கயிறு கட்டலாம். கயிறு தென்னை நாராலானதாக இருக்கட்டும். அதன் சொரசொரப்பைக் கொடியின் கொக்கிமயிர்கள் நன்கு பற்றும். அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கில் ஹாப் கொடிகள் ஏறுவதும் இலங்கையிலிருந்து செல்லும் தென்னங்கயிற்றில்தான் என்பது நம்மவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இப்பொழுது ஒளிக்கு வருவோம். கதிரவன் மறைந்ததும், கொடியின்மேல் ஒளி படுமாறு எல்.இ.டி. விளக்கு ஒன்றை நான்கு மணி நேரம் எரியவிடுக. பகலின் நீளம் பதினாறு மணியாகிவிடும். இவ்விளக்கு கொடிக்கு உணவாக அன்று, காலத்தை உணர்த்தும் குறிப்பாகவே பயன்படுகிறது; ஆகவே பேரொளி தேவையில்லை. கொடி கயிற்றின் உச்சியைத் தொட்டதும் விளக்கை அணைத்துவிட வேண்டும். பின்னர் இரவு முழுவதும் இருள் வேண்டும். தெருவிளக்கின் ஒளி மாடியில் விழுமாயின், அதனை மறைக்கத் திரை கட்டுவது நன்று. பகல் குறுகியதை உணர்ந்த கொடி பூக்கத் தொடங்கும்.

விளக்கு நம் கையில் இருப்பதால் பருவத்தையும் நாமே தேர்ந்துகொள்ளலாம். பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. ஈரமான இலைகளில் அடிச்சாம்பல் நோய் பரவும். ஆதலால் மழை ஓய்ந்த நவம்பர் இறுதியில் தொடங்கி, பிப்ரவரி நடுவில் விளக்கை நிறுத்தினால், கோடைமழை வலுக்குமுன் ஏப்ரலில் கூம்பு பறிக்கலாம் என்று கணக்கிடலாம். வறண்ட மாதங்களில் செஞ்சிலந்திப் பூச்சியும் அசுவினியும் வரும். இலையின் அடிப்புறத்தை அடிக்கடி பார்த்து, நீரைப் பீய்ச்சிக் கழுவுவதும் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதும் உதவும். கூம்பு பிடித்த பின் வேப்பெண்ணெய் வேண்டா. அதன் வாடை கூம்பில் தங்கிவிடும். கொடியின் அடியிலிருந்து மூன்றடி உயரம்வரை இலைகளைக் கிள்ளிவிட்டால் காற்றோட்டம் பெருகி நோய் குறையும்.

முதலாண்டில் பெரிதாக எதிர்பார்க்கலாகாது. வேர் வலுப்பெற்று முழுவிளைவு தர மூன்றாண்டுகள் ஆகும். ஏற்ற நாடுகளில் முதிர்ந்த கொடி ஒன்று ஆண்டுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை உலர்ந்த கூம்பு தரும். தொட்டிக்கொடி அவ்வளவு தராது.

பறிக்கும் பதத்தை அறிவதில்தான் திறமை இருக்கிறது. பருவம் வராத கூம்பு ஈரமாகவும் மென்மையாகவும் இருக்கும். அழுத்தினால் அழுந்தியே கிடக்கும். பருவம் வந்த கூம்பு காகிதம்போல் சலசலக்கும். அழுத்திவிட்டால் மீண்டும் நிமிரும். ஒன்றை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். லுபுலின் துகள் வெளிர்மஞ்சளாக இருந்தால் பொறுத்திருக்க வேண்டும். பொன்மஞ்சளாகி, விரலில் ஒட்டி, கமகமவென்று மணத்தால் பறிக்கலாம். அரக்கு நிறம் அடைந்து வெங்காய வாடை வீசினால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். கொக்கிமயிர்கள் தோலைக் கீறித் தடிப்பை உண்டாக்குமாதலால், முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணிந்து பறித்தல் நலம்.

புதிய கூம்பின் எடையில் ஏறக்குறைய முக்காற்பங்கோ அதற்கு மேலோ நீரே. அதை உடனே உலர்த்தாவிட்டால் புழுங்கிப் பூசணம் பிடிக்கும். மருதாணி இலையையும் முருங்கையிலையையும் நிழலில் உலர்த்துவது நம் வழக்கம். ஹாப்புக்கும் அதே முறை பொருந்தும். வெயில் படாத அறையில், வலைத்தட்டில் மெல்லியதாகப் பரப்பி, மின்விசிறியின் காற்றில் இரண்டு மூன்று நாள் விட்டால் போதும். சூடேற்றி உலர்த்துவோர் 60 பாகை செல்சியஸைத் தாண்டலாகாது. தாண்டினால் மணம் பறந்துவிடும். கூம்பின் நடுக்காம்பு வளையாமல் ‘பட்’டென்று ஒடிந்தால் உலர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். நான்கைந்து கிலோ பச்சைக் கூம்பு உலர்ந்தால் ஒரு கிலோ தேறும். அதைக் காற்றுப் புகாத உறையில் அழுத்தி அடைத்து, குளிர்ப்பெட்டியின் உறைநிலை அறையில் வைக்க வேண்டும். காற்று, வெப்பம், ஒளி மூன்றும் ஹாப்பின் பகைகள்.

இந்தக் கூம்பைக் கொண்டு வீட்டில் பீர் வடிக்கலாமா என்பது அடுத்த வினா. இங்கிலாந்தில் வீட்டுப் பீருக்கு உரிமம் பெறவேண்டிய விதி 1963-இல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இசைவளித்தது. வீட்டுத் தோட்டத்து ஹாப் என்னும் பொழுதுபோக்கு அந்நாடுகளில் பரவியதற்கு அச்சட்டங்களும் துணைசெய்தன. அங்கே இருபது லிட்டர் பீருக்கு முப்பது முதல் அறுபது கிராம் வரை உலர் ஹாப் சேர்ப்பது வழக்கம். வீட்டு ஹாப்பில் ஆல்ஃபா அமிலம் எவ்வளவு என்பது ஆய்வுக்கூடச் சோதனையின்றித் தெரியாது. எனவே கசப்புக்குக் கடைச்சரக்கையும், மணத்துக்கு மட்டும் தம் தோட்டத்துக் கூம்பையும் இடுவோர் பலர்.

நம் நாட்டில் நிலை வேறு. மதுபானம் பற்றிச் சட்டமியற்றும் அதிகாரம் அரசியலமைப்பின்படி மாநிலங்களுடையது. கர்நாடகத்தில் 1965-ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின்படி, உரிமமின்றி மது தயாரித்தல் குற்றம். அது விற்பனைக்கா, வீட்டுக்கா என்ற வேறுபாடு அங்கே துணைக்கு வராது. குஜராத்திலும் பீகாரிலும் மதுவிலக்கே நடைமுறையில் உள்ளது. வெவ்வேறு மாநிலங்களில் வாழும் நம் அன்பர்கள் தத்தம் மாநிலச் சட்டத்தை அறிந்து நடத்தல் வேண்டும். கொடி வளர்ப்பது வேறு, பானம் வடிப்பது வேறு என்னும் தெளிவு தேவை. பிறமாநிலத்தில் குடியிருப்போர்க்குச் சிறு வழக்கும் பெருந்தொல்லையாகும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

வெளிநாட்டிலிருந்து வருவோர் வேர்த்தண்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதும் தவறு. 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையின்படி, நடவுப் பொருள்களுக்கு முன்கூட்டி இசைவும் நோயின்மைச் சான்றும் வேண்டும். ஒரு வேர்த்தண்டோடு வரும் பூஞ்சை ஒரு பள்ளத்தாக்கின் பயிரையே அழிக்கவல்லது. நாய் வளர்ப்போர் மற்றொன்றையும் நினைவிற்கொள்க: ஹாப்பைத் தின்ற நாய்க்கு உடல்வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிருக்கே தீங்கு நேரலாம். உதிர்ந்த கூம்பும் வேகவைத்த சக்கையும் அதற்கு எட்டாதவாறு அகற்றப்பட வேண்டும்.

இறுதியாக, பேராசையைப் பற்றி ஒரு சொல். 2021-இல், பீகாரில் உழவர் ஒருவர் ஹாப் தளிரைப் பயிரிட்டுக் கிலோ ஓர் இலட்சம் ரூபாய்க்கு விற்கிறார் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. ஐரோப்பாவில் இளந்தளிரைக் காய்கறியாக உண்பதும், பருவத் தொடக்கத்தில் அதற்கு மிகுவிலை கிடைப்பதும் உண்மையே. ஆனால் செய்தியாளர்கள் அவ்வூருக்கு நேரில் சென்று பார்த்தபோது, அங்கே அப்பயிரே இல்லை. அச்செய்தியை நம்பி நாற்றுக்காகப் பணம் செலுத்த முன்வருபவர், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த நாற்று வளரப்போகும் இடத்தில் பகல் எத்தனை மணி நேரம்?

பெங்களூரின் மாடியில் ஹாப்பை வளர்ப்பதால் வருவாய் இராது. தாவரம் ஒன்று பொழுதை எவ்வாறு அளக்கிறது என்பதை வீட்டுப் பிள்ளைகள் தம் கண்ணால் காணலாம். அறையெங்கும் கமழும் ஒருபிடிக் கூம்பு கிடைக்கும். உலர்ந்த கூம்பை நிரப்பிய சிறு தலையணை உறக்கத்துக்கு உதவும் என்பது ஐரோப்பியரின் பழைய நம்பிக்கை. அவ்வளவு போதும் என்று கருதுவோர் ஒரு தொட்டியோடு தொடங்கலாம். அதற்குமேல் வேண்டுவோர், நாற்றின் விலையைக் கேட்குமுன் மாடிக்கு ஏறிச்சென்று வெயில் விழும் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று.